நான்காவது துளை

என் பேத்தியின் வயிற்றில் மூன்று துளைகள் இருந்தன. ஒன்று கொப்பூழின் மடிப்புக்குள் ஒளிந்திருந்தது. மற்ற இரண்டும் அடிவயிற்றில், ஒன்றுக்கொன்று நான்கு விரற்கடைத் தொலைவில். எட்டு வயதுச் சிறுமியின் வயிறு என் விரித்த கையளவே இருக்கும். அந்தச் சிறு பரப்பில், உளுந்தைவிடச் சற்றே பெரிய மூன்று வாயில்கள். அவற்றின் வழியே ஒரு விளக்கும் ஒரு கண்ணும் இரண்டு கருவிகளும் உள்ளே சென்று, வெடித்துப் போயிருந்த குடல்வாலை அறுத்தெடுத்து, சிந்திக் கிடந்த சீழை உறிஞ்சிவிட்டு வெளியே வந்துவிட்டன. இதை எனக்குள் எத்தனை முறை சொல்லிப் பார்த்தும் முழுமையாக நம்ப இயலவில்லை. மருத்துவமனைக் கட்டிலருகே அமர்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, அத்துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னர் நேர்ந்தவற்றுக்கு அந்த வியப்பும் ஒரு காரணம்.

மாட்டுங்காவில் என் மகளின் வீட்டில்தான் நான் இருக்கிறேன். மருமகன் வாரநாள்களில் புணேயில் பணிபுரிகிறார், சனிக்கிழமை வருவார். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை பேத்தி வயிறு வலிக்கிறது என்றாள். முதல் நாள் தெருவோரக் கடையில் சேவ்பூரி தின்றிருந்தாள். ஆகவே குற்றவாளியை நாங்கள் உடனே கண்டுபிடித்துவிட்டோம். ஓமநீர் கொடுத்தோம். புதனன்று வலி கொப்பூழிலிருந்து வலப்புறம் இறங்கியது. வியாழன் காலை சட்டென்று நின்றது. நின்றதும் நாங்கள் மகிழ்ந்தோம். மகள் அலுவலகத்துக்குக் கிளம்பவும் செய்தாள். குடல்வால் வெடிக்கும் தருணத்தில் வலி சற்று நேரம் அடங்குவதுண்டு என்று அப்போது எங்களில் எவருக்கும் தெரியாது. நண்பகலில் குழந்தையின் வயிறு பலகைபோல் இறுகிவிட்டது.

செம்பூரில், குழந்தைகளுக்கென்றே உள்ள ஒரு சிறிய மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். அறுவை மருத்துவர் நாற்பது வயதுப் பெண்மணி. பெற்றோர் தமிழர், இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் செம்பூர். தமிழ் சரளமாகப் பேசுவார். ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. அதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்.

“ஓப்பன் பண்ணணுமா டாக்டர்? பெருசா கிழிப்பீங்களா?” என்று மகள் கேட்டாள்.

“வேண்டாம், லேப்ராஸ்கோப்பிலயே பண்ணிடலாம். தழும்பு தெரியாது, சீக்கிரம் எழுந்து நடப்பா. மேல் காயத்துல சீழ் பிடிக்கிறதும் ஓப்பனைவிட கம்மி.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஆனா ஒண்ணு, அங்கிள். ஏற்கெனவே வெடிச்சாச்சு. எந்த வழியா போனாலும், உள்ள மறுபடி சீழ் சேர சான்ஸ் இருக்கு. அது வெளியில தெரியாது. ஓட்டை சின்னதா இருக்கேன்னு நோயையும் சின்னதா நினைச்சுடாதீங்க.”

நான் தலையசைத்தேன். கேட்டேன் என்றுதான் எண்ணியிருந்தேன்.

மறுநாள் அவர் தம் அறைக்கு அழைத்து, கணினித் திரையில் அறுவையின் காட்சிப்பதிவைக் காட்டினார். மகள் பார்க்க மறுத்துவிட்டாள். நான் மட்டும் பார்த்தேன். எழுபத்திரண்டு ஆண்டுகளாக ஓர் உடலைச் சுமந்துகொண்டு அலைகிறேன். அதன் உள்ளே இப்படியோர் ஒளிரும் நாடு இருப்பதை அன்றுதான் கண்டேன். ஈரப் பவள நிறத்தில் குடல்கள் மெல்ல நெளிந்தன. அவற்றுக்கு மேலே, வெண்ணெயைச் சல்லாத்துணியில் பூசி விரித்ததுபோல் ஒரு கொழுப்புத்திரை. அத்திரையின் கீழ்முனை தன் இடத்தைவிட்டு நகர்ந்து சென்று, வலப்புற மூலையில் எதையோ சுற்றிப் போர்த்திக்கொண்டிருந்தது. கருவி அதை மெதுவாக விலக்கியபோது, உள்ளே கறுத்து வெடித்த குடல்வால் கிடந்தது.

“இந்தத் திரையை நீங்களா அங்கே இழுத்து வைத்தீர்கள்?” என்று கேட்டேன்.

“ஐயோ, இல்ல அங்கிள். அதுவே வந்து மூடிக்கும். நாங்க போய்ச் சேர்ற வரைக்கும் அதுதான் வாட்ச்மேன்.”

எவர் ஆணையிட்டார்? எந்த வழியாகச் செய்தி போயிற்று? வெளியே நாங்கள் ஓமநீரைக் கலக்கிக்கொண்டிருந்த வேளையில், உள்ளே ஒரு சிறு துணித்துண்டு இடர் நிகழ்ந்த இடத்தை அறிந்து, ஊர்ந்து சென்று, அதை அணைத்துக்கொண்டிருக்கிறது. அறையைவிட்டு வெளியே வந்தபோது என் கைகள் கூப்பியிருந்ததை நானே பிறகுதான் கவனித்தேன்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். காலை மாலை நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. வலியோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் பாரசிட்டமால் கரைசல். காய்ச்சல் கண்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் திரும்பி வர வேண்டும். “பத்து நாள் தாண்டட்டும், அப்புறம் நிம்மதியா இருங்க,” என்றார் மருத்துவர்.

மகள் உறக்கமின்றி ஓய்ந்திருந்தாள். அலுவலகத்தில் விடுப்பும் தீர்ந்துவிட்டது. குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பத்தாம் நாள் முடியும்வரை அந்தச் சிறு உயிர் என் பொறுப்பு.

இரயில்வே அலுவலகத்தில், கால அட்டவணைப் பிரிவில், முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றியவன் நான். “இருந்தால் மட்டும்” என்னும் சொற்றொடர் எனக்கு ஒவ்வாது. தேவைப்பட்டால் மட்டும் ஓடும் வண்டியை எந்தப் பயணி நம்புவான்? மருத்துவமனையில் செவிலியர் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கரைசலைக் கொடுத்ததைப் பார்த்திருந்தேன். அதையே தொடர முடிவு செய்தேன். கோடிட்ட புதிய குறிப்பேடு ஒன்றை எடுத்தேன். காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, நள்ளிரவு பன்னிரண்டு: மருந்து. காலை எட்டு, பிற்பகல் இரண்டு, இரவு எட்டு: வெப்பநிலை. மருந்தைக் கண்டதும் பேத்தி அழுது முரண்டு பிடிப்பாள். அந்த அழுகையடங்கி உடல் அமைதியுற்ற பின்னரே வெப்பமானியை வைப்பது முறை என்று கருதி, இடையில் இரண்டு மணி நேரம் விட்டேன். அந்த இடைவெளியைக் குறித்து எனக்குச் சிறிது பெருமிதமும் இருந்தது.

பேத்திக்கு என் அட்டவணை மின்வண்டி விளையாட்டாயிற்று. கரைசல் கிண்ணத்தோடு நான் உள்ளே நுழைந்தால், “ஆறு மணி ஃபாஸ்ட் வந்தாச்சு! தாத்தா, தாதர்ல நிக்குமா?” என்பாள்.

“நிற்காது. நேரே வாய்க்குள் செல்லும்.”

“அப்போ நான் ஸ்லோலதான் போவேன்!” என்று வாயை இறுக மூடிக்கொள்வாள். பின்பு கெஞ்சல், அழுகை, ஒரு மடக்கு, மீண்டும் அழுகை.

எட்டு மணிக்கு அக்குளில் வெப்பமானியை வைத்து, எண்ணைக் குறித்துக்கொள்வேன். இயல்பு. மகள் அதைப் பார்த்துவிட்டு எட்டேகாலுக்கு நிம்மதியாகக் கிளம்புவாள். முதல் நாளே அப்பக்கத்தைப் படம் பிடித்துப் புணேயில் உள்ள கணவருக்கு அனுப்பினாள்: “அப்பாவோட நர்சிங் பாருங்க.”

எங்கள் வீட்டில் பத்து ஆண்டுகளாகச் சமைப்பவர் தாராவியிலிருந்து வரும் ஓர் அம்மா. ஐம்பதைக் கடந்தவர், திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியைச் சேர்ந்தவர். தொண்ணூறடிச் சாலையிலிருந்து மழையோ வெள்ளமோ நடந்தே வந்து, காலை ஐந்தே முக்காலுக்கு அழைப்புமணியை அழுத்துவார். அந்த ஒழுங்கின் பொருட்டே அவர்மீது எனக்கு மதிப்பு. வந்ததும் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, முதலில் குழந்தையைத்தான் போய்ப் பார்ப்பார்.

வீடு திரும்பிய இரண்டாம் நாள் காலை, அறையிலிருந்து அவர் குரல் வந்தது.

“ஐயா, இங்கன வாங்க. பிள்ளைக்கு மேலு சுடுது.”

நான் போய் நெற்றியைத் தொட்டேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. போர்வைக்குள் உறங்கிய உடலின் சூடு என்று தீர்ப்பளித்தேன்.

“அந்தக் குச்சிய வச்சுப் பாருங்க.”

“வெப்பம் அளக்கும் நேரம் எட்டு மணி.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “காச்சலு ஒங்க மணியப் பாத்துட்டா வரும்?”

ஆறு மணி ஆயிற்று; கரைசலைக் கொடுத்தேன். எட்டு மணிக்கு வெப்பமானியை வைத்தேன். இயல்பு. அடுக்களை வாசலில் நின்று அவரிடம் அதை நீட்டிக் காட்டினேன். என் முகத்தில் வெற்றிக்களை இருந்திருக்க வேண்டும்.

அவர் எண்ணைப் பார்க்கவில்லை, தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அப்ப இது உள்காச்சலு.”

“அப்படியொரு காய்ச்சல் மருத்துவத்தில் இல்லை, அம்மா. உள்ளே காய்ச்சல் என்றால் வெளியேயும் காட்டும். அதற்குத்தான் இக்கருவி.”

“ஒங்க கருவிக்குத் தெரியாம ஒளிஞ்சுக்கிடும். அதுக்குத்தான் உள்காச்சலுன்னு பேரு.”

சட்டினிக்குத் தேங்காய் போதுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையும் அதே உரையாடல். சற்று உரத்த குரலில். அன்று அவர் வேறு சிலவற்றையும் கவனித்திருந்தார். பிள்ளை வலது காலை மடக்கியே வைத்திருக்கிறாள். நீட்டச் சொன்னால் முகம் சுளிக்கிறாள். அடிக்கடி கழிவறைக்குப் போகிறாள். ஆனால் போவது கொஞ்சமே. தயிர்ச் சோற்றை இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. இவை யாவும் எனக்கும் தெரியும். ஆனால் என் குறிப்பேட்டில் அவற்றுக்குக் கட்டம் இல்லை. வெளியே மூன்று துளைகளும் உலர்ந்து, சிவப்பின்றி, கசிவின்றி, ஓவியம்போல் இருந்தன. நாள்தோறும் அவற்றைப் பார்த்து வியப்பதே என் ஆறுதலாக இருந்தது. இத்தனை தூய்மையான வாயிலுக்குப் பின்னே வேறெதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

நான்காம் நாள் காலை ஆறு மணிக்குக் கிண்ணத்தோடு உள்ளே போனேன். பேத்தி எழுந்து சுவரில் சாய்ந்திருந்தாள். வாயைத் திறந்தாள்; குடித்தாள்; கிண்ணத்தைத் திருப்பித் தந்தாள். அழுகையில்லை, முரண்டில்லை. குறிப்பேட்டில், “அமைதியாக அருந்தினாள்” என்று எழுதினேன். அதை ஒரு முன்னேற்றமாகவே எழுதினேன்.

சமையற்கார அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு வண்டி வரலையா தாயி?” என்று குழந்தையிடம் கேட்டார்.

பேத்தி விடை சொல்லவில்லை. வலது காலை மடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அந்த அம்மா அடுக்களைக்குப் போனார். அடுப்பை அணைக்கும் ஓசை கேட்டது. திரும்பி வந்தபோது கையில் குடையும் குழந்தையின் மேலங்கியும் இருந்தன.

“நான் டாக்சி பிடிக்கப் போறேன். நீங்க சட்டைய மாட்டுதியளா, பனியனோடவே வாறியளா?”

“எதற்கு?”

“எதுக்கா? வண்டி வருதான்னு கேட்டா வாயாடுத பிள்ள, கசப்பு மருந்தச் சும்மா குடிக்கி. நீங்க காலிபீலி, வெட்டிக்கு நோட்டுல எழுதிக்கிட்டு நிக்கிய! ஜல்தி கெளம்புங்க.”

மகள் குளித்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே நின்று சொன்னேன்: “மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிட்டு வருகிறோம், அச்சப்பட ஒன்றுமில்லை.” உண்மையைச் சொன்னால், அந்த அம்மாவின் உள்காய்ச்சலை மருத்துவரே திருத்தட்டும் என்னும் எண்ணத்தில்தான் கிளம்பினேன். சான்றாகக் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டேன்.

வழியில், சயனில் மழைநீர் தேங்கி வண்டிகள் ஊர்ந்தன. பின்னிருக்கையில் பேத்தி அவர் மடியில் தலைவைத்துக் கிடந்தாள். டாக்சியின் கண்ணாடியில் நீர் வழிவதைப் பார்த்தபடி நான் வந்தேன்.

மருத்துவர் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், வலது காலை மெல்ல நீட்டிப் பார்த்தார், அவள் முனகினாள். “ஃபீவர் இருந்துச்சா?” என்றார்.

“இல்லை,” என்றேன் நான்.

“இருந்துச்சு,” என்றார் அந்த அம்மா.

நான் குறிப்பேட்டைத் திறந்து மேசைமேல் வைத்தேன். மருத்துவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “அங்கிள், எனக்கு இது கோலம் மாதிரி இருக்கு. நீங்களே படிச்சுச் சொல்லுங்க.”

படிக்கத் தொடங்கினேன். “காலை ஆறு மணி: பாரசிட்டமால். எட்டு மணி: வெப்பம் இயல்பு. நண்பகல் பன்னிரண்டு: பாரசிட்டமால். இரண்டு மணி: வெப்பம் இயல்பு. மாலை ஆறு: பாரசிட்டமால். எட்டு மணி: வெப்பம்...”

அங்கே என் குரல் நின்றுவிட்டது. மூன்று நாள்கள் நானே எழுதி, நானே பார்த்து, மகளுக்கும் காட்டிய வரிகள்தாம். உரக்கப் படித்தபோதுதான் அவற்றை முதன்முறையாகக் கேட்டேன். காய்ச்சலைத் தணிக்கும் மருந்தைக் கொடுத்து, அது தணித்து முடிக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகு காய்ச்சல் இருக்கிறதா என்று அளந்திருக்கிறேன். ஒரு முறை மட்டுமல்ல. ஒரு வேளையும் தவறாமல்.

மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “ஒரு தடவைகூட மருந்துக்கு முன்னாடி பார்க்கலையா, அங்கிள்?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லை.”

“இவங்க எப்போ தொட்டுப் பார்த்தாங்க?”

“ஐந்தே முக்காலுக்கு,” என்றேன். நள்ளிரவில் கொடுத்த மருந்தின் வலிமை தீர்ந்து, அடுத்த வேளை மருந்துக்குக் கால் மணி இருக்கும் நேரம். நான்கு நாள்களில் அந்தக் குழந்தையின் உண்மையான சூட்டை அறிந்தது அந்த ஈரக் கை ஒன்றுதான். நான் போய்த் தொட்டபோதும் அந்தச் சூடு என் விரலில் பட்டது. அதை நான் போர்வையின்மேல் ஏற்றிச் சொன்னேன்.

உடனே சோனோகிராபி எடுத்தார்கள். கருந்திரையில் சாம்பல் நிற அலைகள். அவற்றின் நடுவே, இடுப்புக் கூட்டின் வலப்புறம், ஒரு கரிய முட்டை வடிவம். அதுதான் சீழ். மருத்துவர் அதன் விளிம்பை விரலால் தொட்டுக் காட்டினார். “இங்க பாருங்க. சுத்தி ஒரு சுவர் கட்டியிருக்கு. குடல், அந்தக் கொழுப்புத்திரை எல்லாம் சேர்ந்து. இது பரவாம உடம்பே தடுத்து வெச்சிருக்கு.”

மீண்டும் அந்தக் காவலாளி. நான் எழுதிக்கொண்டிருந்த மூன்று நாள்களும் அது உறங்கவில்லை. வீட்டில் ஒருவன் அட்டவணை போட்டுக் காய்ச்சலை மறைத்துக்கொண்டிருக்க, உள்ளே அது கல்மேல் கல் வைத்து மதில் எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கரிய முட்டையை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

“பழைய முறைப்படி வயிற்றைக் கீறித் திறந்திருந்தால் இது நேர்ந்திருக்காதா?” என்று கேட்டேன்.

“யாராலயும் அப்படிச் சொல்ல முடியாது, அங்கிள். வெடிச்ச கேஸ்ல ரெண்டு விதத்துலயும் இது வரும். எதுல அதிகம்னு நாங்களே இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்கோம். ஓப்பன் பண்ணியிருந்தா இதோட மேல் காயமும் சீழ் பிடிச்சிருக்கலாம். சீழ் சேர்ந்தது உங்களால இல்ல. லேட்டா வந்ததுதான் உங்களால,” என்றார். பிறகு, “அதுவும் ரொம்ப லேட் இல்ல,” என்று சேர்த்துக்கொண்டார்.

மயக்க மருந்து கொடுத்து, ஒலிப்படத்தின் துணையோடு அடிவயிற்றில் ஊசியைச் செலுத்தி, மெல்லிய குழாய் ஒன்றை வைத்து வடிக்கப்போவதாகச் சொன்னார்கள். நான்காவது துளை.

மகள் வந்து சேர்ந்தபோது குழந்தை உள்ளே இருந்தாள். நடைக்கூடத்தில் நிற்கவைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், முகம் பார்த்துச் சொல்வதே முறை என்று தோன்றியது.

“தினமும் அந்த நோட்டைப் பார்த்துட்டுதான்ப்பா கிளம்பினேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. நோட்டைப் பார்த்தேன்,” என்றாள். அழுகை வந்தது. “நீங்க எழுதினா சரியா இருக்கும்னு.”

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சமையற்கார அம்மா இரண்டு தாள்குவளைகளில் தேநீர் வாங்கி வந்தார். ஒன்றை மகளிடம் கொடுத்து, மற்றதை என் கையில் திணித்தார். “குடிங்க. ஒங்களுக்கு மயக்கம் வந்தா இவ யாரப் பாப்பா?”

பிறகு என்னருகே அமர்ந்தார். அவருடைய மகளுக்கும் சிறுவயதில் குடல்வால் வெடித்தது என்று அன்றுதான் தெரிந்தது. பத்தாண்டுகளாக எங்கள் வீட்டில் சமைக்கிறார்; நான் கேட்டதில்லை.

“எம்பிள்ளைக்கு வவுத்தக் கிழிச்சு, தைக்காம அப்படியே தொறந்து வச்சிருந்தாவ. டெய்லி பஞ்ச உள்ள வச்சு வச்சு எடுப்பாவ. சீழு வடியும். நாத்தம் தாங்காது. நான் அழுவேன். அந்த டாக்டரம்மா சொன்னாவ, வடியட்டும், கண்ணுக்குத் தெரிஞ்சா நல்லதுன்னு. அப்ப எனக்கு வெளங்கல.” முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். “இங்க ஒண்ணுமே தெரியல பாத்தியளா? அதான் எனக்குப் பயமாப் போச்சு. வெடிச்ச பிள்ளைக்கு மேல ஒண்ணுமே இல்லன்னா, எல்லாம் எங்க போச்சு?”

எல்லாம் எங்கே போயிற்று? மருத்துவர் முதல் நாளே எச்சரித்த செய்தி அது. நான் தலையசைத்து மறந்தேன். கேளாமலே இவர் நினைவில் வைத்திருந்தார்.

“உங்கள் மகள் இப்போது எப்படி இருக்கிறாள்?”

“அவளுக்கென்ன, கல்யாணம் முடிஞ்சு கோபர்கைரனேல இருக்கா. ரெண்டு பிள்ள. வவுத்துல தழும்பு இந்தா தண்டி.” தம் நடுவிரலை நீட்டிக் காட்டினார். “சேல கட்டுனா தெரியாது. சண்டைக்கு வந்தா நான்தான் அதச் சொல்லிக் காட்டுவேன், ஒனக்கு நான் என்ன பாடு பட்டேன்னு.”

மகள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

குழாய் வழியே வடிந்ததை ஒரு சிறு பையில் சேர்த்திருந்தார்கள். முதல் நாள் பழுப்பும் மஞ்சளுமாகக் கலங்கியிருந்தது. இரண்டாம் நாள் வெளிறியது. நான்காம் நாள் ஏறத்தாழ நீராயிற்று. அந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே காலையில் முதல் ஆளாய்ப் போய் நிற்பேன். நரம்பின் வழியே ஏற்றிய மருந்து தன் பணியைச் செய்தது. உடலும் தன் பணியைச் செய்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது என்று மருத்துவர் சொன்னார். அந்த அறியாமையை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

பாரசிட்டமாலை நிறுத்திவிட்டார்கள். வெப்பத்தைச் செவிலியர் நினைத்த நேரத்தில் எல்லாம் அளந்தார்கள். முதல் இரண்டு நாள்கள் எண் ஏறியது. என் கண்முன்னே, மறைவின்றி ஏறியது. அதைப் பார்ப்பது கொடிது. ஆயினும் உண்மையான எண் அது. பிறகு சிறிது சிறிதாக இறங்கி, இயல்பில் வந்து நின்றது. ஐந்தாம் நாள் குழாயை உருவினார்கள். நான்காவது துளையின்மேல் ஒரு சிறு ஒட்டுத்துணி.

வீட்டுக்கு வந்த பின் குறிப்பேட்டை எறிந்துவிடலாமா என்று எண்ணினேன். மகள் தடுத்தாள். “எழுதுங்கப்பா. ஆனா அவங்களையும் கேட்டு எழுதுங்க.” ஆகவே வலப்புற ஓரத்தில் இன்னொரு கட்டம் வரைந்தேன். அதற்குத் தலைப்பு எதுவும் எனக்குத் தோன்றவில்லை, வெறுமையாக விட்டிருக்கிறேன். காலை ஐந்தே முக்காலுக்கு அந்த அம்மா குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வதை, ஒரு சொல்லும் மாற்றாமல் அதில் எழுதுகிறேன்.

“என்னத்த எழுதுதிய?”

“நீங்கள் சொன்னதைத்தான்.”

“நான் என்ன சொன்னேன்?”

படித்துக் காட்டினேன்: “மேலு குளுந்து கெடக்கு. கால நீட்டி அக்கடான்னு படுத்திருக்கா.”

“இதெல்லாம் ஒரு எழுத்தா!” என்று வெட்கத்தோடு அடுக்களைக்குப் போய்விட்டார்.

மருத்துவர் வரச்சொன்ன நாளுக்கு முந்திய இரவு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் கடைசி வேளை அது. கிண்ணத்தோடு உள்ளே போனேன். பேத்தி வலது காலைச் சுவரில் உயரத் தூக்கி வைத்துக்கொண்டு, சித்திரக்கதை பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை விலகி, வயிற்றில் நான்கு புள்ளிகளும் தெரிந்தன. நான் அவற்றைப் பார்த்தேன். பிறகு பார்வையை விலக்கி, அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “எட்டு மணி வண்டி பத்து நிமிஷம் லேட்டு, தாத்தா. அனௌன்ஸ்மென்ட் கூட பண்ணல.”

“மன்னிக்க வேண்டும்.”

“முடியாது. நான் ரிக்‌ஷாவுல போறேன்,” என்று தலையணையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டு, காலால் என் கையைத் தட்டிவிட்டாள். மருந்து பாதி என் வேட்டியில் சிந்தியது.

இரவுச் சமையலை முடித்துக்கொண்டிருந்த அந்த அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் சிந்தியதைத் துடைக்காமல் நின்றேன்.